மூன்றாண்டு முடிவு

செய்தி எனக்கு நேராக வரவில்லை. டாலஸில் இருக்கும் ஒரு பெண் என் மனைவி ஸுஷ்மாவிடம் போனில் சொன்னாளாம். அவளுக்கு அவள் மாமியார் சொன்னாளாம். அந்த மாமியார் சின்ன காஞ்சீபுரத்தில் எங்கள் தெருவிலேயே, எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருப்பவள். அவளுக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டால், கோயிலில் பேசிக்கொண்டார்கள் என்பாள்.

விஷயம் இதுதான். தெருவுக்கே மெயில் வாங்கி, அனுப்பித் தரும் சம்பத்குமார், ஊர்க்காரர்கள் அழிக்கச் சொன்ன மெயில்களை ஒன்றுகூட அழிக்காமல் வருஷவாரியாகத் தரம் பிரித்து வைத்திருக்கிறார். வந்த கடிதங்கள் மட்டுமில்லை. அவரிடம் உட்கார்ந்து அடிக்கச் சொல்லிவிட்டு, கடைசியில் 'வேண்டாம், அனுப்பாதேயும்' என்று நிறுத்தியவைகூட இருக்கின்றன. அப்படி நின்றுபோனவற்றில் ஒன்று, என் அப்பா எனக்கு எழுதச் சொன்னது.

இது 2004 நவம்பர். அப்பா பரமபதித்தது 2002 பிப்ரவரி. நான் போகவில்லை. வேலை போய்ப் புது வேலையில் ஒட்டிக்கொண்டு இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. விசா முத்திரைக்காக வெளியே போனால் திரும்ப உள்ளே விடுவார்களா என்று எல்லோரும் நடுங்கிக்கொண்டிருந்த வருஷம் அது. ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான் வைத்திருந்தேன்: அப்பா வரச்சொல்லி ஒரு வார்த்தை எழுதவில்லை, கடைசியாக வந்த மெயிலில்கூட 'எல்லோரும் சௌக்கியம்' என்றுதான் இருந்தது. அது பொய்யும் இல்லை. மூன்று வருஷமாக அந்தப் பதிலில்தான் காலை ஊன்றி நின்றுகொண்டிருந்தேன்.

இப்போது எனக்கு வராத கடிதம் ஒன்று இருக்கிறது என்கிறார்கள். அதில் 'வா' என்று இருக்கிறதா, 'வராதே' என்று இருக்கிறதா? உலகத்தில் இதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள், போயும் போயும், சம்பத்குமார்.

அவரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சொல்ல அதிகம் இல்லை. ஒரு தாலுகா ஆபீஸில் முப்பத்தோரு வருஷம் பதிவறையில் இருந்தார். பதிவறை என்றால் முடிந்துபோன ஃபைல்கள் தூங்கும் அறை. ஜன்னல் இல்லாத அறை, நாப்தலின் வாசனை, இரும்பு அலமாரி. அவரோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் துறைத் தேர்வு எழுதி உதவியாளர், துணை வட்டாட்சியர் என்று ஏறிப் போனார்கள். இவர் தேர்வுக்கே போகவில்லை. பாஸ் பண்ணிவிட்டால் பதிவறையை விட்டு மாற்றிவிடுவார்களே என்ற பயம். இந்த லட்சணத்தில், தன் காலத்தில் ஒரு தாள்கூடத் தொலையவில்லை என்று பெருமை வேறு. யாரும் தேடாத தாள் தொலைந்தால் என்ன, தொலையாவிட்டால் என்ன?

அப்பா கணக்கு வாத்தியார். அவருக்கும் சம்பத்குமாரைக் கிண்டல் பண்ணாவிட்டால் காப்பி இறங்காது. "ஏன் ஓய், உங்க ஆபீஸ் எலிகூட மூணு வருஷம் கழிச்சுப் பட்டியல் போட்டப்புறம்தான் சாகுமாமே?" என்பார். சம்பத்குமார் சிரிக்கமாட்டார். எலி வேறு பிரிவு என்பதுபோல ஒரு பார்வை பார்ப்பார்.

அப்பாவின் கிண்டல் புரிய வேண்டுமானால் அந்த ஆபீஸ் வழக்கம் தெரிய வேண்டும். அங்கே ஒரு விஷயம் முடிந்துவிட்டால் ஃபைலைக் கிழித்துப் போடமாட்டார்கள். எத்தனை காலம் வைத்திருப்பது என்று ஒரு 'முடிவு' போடுவார்கள். ஓராண்டு முடிவு, மூன்றாண்டு முடிவு, பத்தாண்டு முடிவு. சுருக்கமாக ஓ.மு., மூ.மு., ப.மு. அதை மேலட்டையில் எழுதிப் பதிவறைக்கு அனுப்பினால், கெடு வரும்வரை அங்கே கிடக்கும். கெடு வந்ததும் பட்டியல் போட்டு அழிப்பார்கள். ஒரு நாள் முன்னாலும் கூடாது, ஒரு நாள் பின்னாலும் கூடாது. சம்பத்குமாருக்குத் தெரிந்த உலகம் இவ்வளவுதான்.

ரிடையர் ஆன பிறகு அந்த மனுஷன் சும்மா இருந்திருக்கலாம். மாப்பிள்ளை வீட்டில் கழித்துக்கட்டிய கம்ப்யூட்டர் ஒன்று 2000-இல் அவர் வீட்டு முன்னறைக்கு வந்து சேர்ந்தது. அந்த டிசம்பரில் நான் லீவில் போயிருந்தேன். மெயில் புரோகிராமை நான்தான் அதில் போட்டுக் கொடுத்தேன். தெருவில் பாதி வீட்டில் பிள்ளைகள் வெளியூர், வெளிநாடு. எல்லோருக்கும் சேர்த்து அவருடைய ஒரே விலாசம். வருகிற கடிதத்தை அவர் அச்செடுத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். பதில் எழுத வேண்டியவர்கள் வந்து உட்கார்ந்து சொல்லுவார்கள். அவர் ஒற்றை விரலால், தமிழை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து அனுப்புவார்.

அன்றைக்கு அவர் கேட்ட கேள்விகள் இன்னும் காதில் இருக்கின்றன. படித்து முடித்த கடிதத்தை என்ன செய்வது என்றார். டெலீட் பண்ணிடுங்கோ மாமா என்றேன். அது எங்கே போகும் என்றார். டெலீட்டட் ஐட்டம்ஸில் போய் உட்காரும் என்றேன்.

"அங்கே எத்தனை வருஷம் இருக்கும்?"

"நீங்களா காலி பண்றவரைக்கும்."

அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. உலகத்தில் குப்பைத்தொட்டியைப் பார்த்து ஒருவன் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். டெலீட் என்றால் அவருக்கு 'முடிவு' போடுவது. டெலீட்டட் ஐட்டம்ஸ் என்றால் பதிவறை. திருத்த நினைத்தேன். பிறகு, இந்த ஆளுக்கு எதற்கு, எப்படியோ போகட்டும் என்று விட்டுவிட்டேன். நியூ ஜெர்ஸி திரும்பியதும் ஸுஷ்மாவிடம் நடித்துக் காட்டி இரண்டு பேரும் சிரித்தோம்.

அவர் அந்தத் தொட்டிக்குள்ளேயே அறை அறையாகத் தடுத்துக்கொண்டார். கல்யாணம், சீமந்தம் எல்லாம் ப.மு. பணம் வந்ததா, புடவை சேர்ந்ததா என்பதெல்லாம் ஓ.மு. வீட்டுச் சண்டைகள் மூ.மு.; மூன்று வருஷத்துக்குமேல் யாரும் கோபத்தை வைத்துக்கொள்ளக் கூடாது என்று அவராகவே தீர்மானித்துவிட்டார் போலிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், அதற்கு ஒரு நீள நோட்டு. சாவுச் செய்தி வந்தால் மட்டும் அச்செடுக்கமாட்டார். சாவோலையைப் படித்ததும் கிழித்து வெளியே போட வேண்டும், வீட்டுக்குள் வைக்கக்கூடாது இல்லையா? கம்ப்யூட்டரில் எதைக் கிழிப்பது? அதற்கு 'வாசல்' என்று தனியாக ஒரு ஃபோல்டர். செய்தியைச் சம்பந்தப்பட்ட வீட்டுக்கு முன்னால் தெருவில் நின்றே சொல்லிவிட்டு, திரும்பிப் போய்க் குளிப்பார். கம்ப்யூட்டர் மேஜைக்கும் ஒரு சொட்டுத் தண்ணீர் தெளிப்பார். ஷாக் அடித்துச் சாகாமல் இருந்தது பெருமாள் புண்ணியம்.

2003-இல் மெஷின் நொண்ட ஆரம்பித்தது. மாகறல் பக்கத்து நேமிநாதன் என்பவர் டவுனில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அவர் வந்து பார்த்த கதையை அம்மா எனக்குப் போனில் சொன்னாள்.

"சார், இதுல மட்டும் ஆறாயிரம் மெயிலு கெடக்குது," என்றாராம் நேமிநாதன். "ஒரே தட்டுல காலி பண்ணிட்டா மிஷினு குதிரையாட்டம் ஓடும்."

சம்பத்குமார் மௌஸை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டார். அது பதிவறை, தொடக்கூடாது என்றாராம்.

"இன்னா சார் இது, குப்பைத்தொட்டிக்குள்ள பீரோ வெச்சுக்கினு இருக்கீங்களே."

அதற்குப் பிறகு நேமிநாதன் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம், "பதிவறை சௌக்கியமா சார்?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் போவாராம். அம்மா சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

இந்த மனுஷனிடம்தான் நான் போய் நிற்க வேண்டியிருந்தது. நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலை கூப்பிட்டேன். அவருக்குச் சாயங்காலம்.

"மாமா, அப்பா கடைசியா எனக்கு ஒரு மெயில் சொல்லிட்டு நிறுத்தினாராமே?"

"ஆமாம்," என்றார். நோட்டைக்கூடப் பார்க்கவில்லை. "ரெண்டாயிரத்து ரெண்டு, ஜனவரி பதினாறு. கனுப்பொங்கல் முடிஞ்ச மறுநாள். மூ.மு."

அதை எனக்கு அனுப்பிவிடுங்கள் என்றேன். உப்புக் கேட்பதுபோலத்தான் கேட்டேன். முடியாது என்றார். வெளியே போகாத கடிதம் அது, எழுதியவரே நிறுத்திவிட்டார், போகாத கடிதத்துக்குப் பெறுநர் என்று ஒருவர் கிடையாது என்றார்.

"நான் அவர் பிள்ளை, மாமா."

"நீ வரதராஜனுக்குப் பிள்ளை. அந்தக் கடிதத்துக்கு நீ யாரும் இல்லை."

என்ன இருக்கிறது என்றாவது சொல்லுங்கள் என்றேன். சொல்வதும் அனுப்புவதும் ஒன்றுதான் என்றார். நான் குரலை உயர்த்தினேன். ஒரு குப்பைத்தொட்டிக்கு இத்தனை சட்டமா என்றும் கேட்டுவிட்டேன். அவர் நிதானமாக, கெடு ஜனவரி பதினாறோடு முடிகிறது, அதற்குப் பிறகு இந்தப் பேச்சே இருக்காது என்று சொல்லி வைத்துவிட்டார்.

முப்பத்தோரு வருஷம் பட்டியல் போட்டு எரித்த கை. அப்பாவுடைய வார்த்தையையும் அப்படியே போட்டுவிடும்.

குறுக்கு வழி பார்த்தேன். நேமிநாதனின் கடை நம்பரைப் பிடித்து, ரிப்பேர் என்று போய் உட்கார்ந்து அந்த ஒரு மெயிலை மட்டும் எனக்குத் தள்ளிவிட முடியுமா என்று கேட்டேன். இரண்டு நிமிஷ வேலை. கம்ப்யூட்டர் தெரிந்த ஆள், புரிந்துகொள்வார் என்று நினைத்தேன்.

"வேணாம்பா," என்றார். "அவரைப் பாத்து சிரிப்பேன். அவரு பூட்டைத் தொறக்க மாட்டேன்."

தெரு முழுக்க இப்படித்தான் ஆகிவிட்டிருந்தது. கேலி பண்ணுகிறவன்கூட அந்தத் தொட்டியைக் கோயில் உண்டியல்போல நினைக்கிறான். எதிர்வீட்டுக்காரர் ஒருவர், தன் மனைவி பிள்ளைக்கு எழுதச் சொல்லி நிறுத்திய கடிதத்தைக் காட்டச் சொல்லிச் சண்டை போட்டுப் பார்த்தாராம், நடக்கவில்லையாம். அன்றிலிருந்து தெருப் பெண்கள் சம்பத்குமாரிடம் எதையும் சொல்லலாம் என்று ஆகிவிட்டது. அப்பாவும் அப்படி நினைத்துத்தான் போயிருக்க வேண்டும். எலி ஜோக் அடித்த வாய், கடைசியில் அவரிடம் போய்த் திறந்திருக்கிறது.

மிச்சம் அம்மாதான். அம்மா பெயர் வத்ஸலா. அதுவரை இந்தக் கடித விஷயம் அவளுக்குத் தெரியாது. எழுதியவர் இல்லாவிட்டால் அவருடைய மனைவி மனு கொடுக்கலாம் என்று சம்பத்குமாரே இரண்டாவது போனில் ஒப்புக்கொண்டார். மனு! ஒரே தெருவில் இருப்பவளிடம், முப்பது வருஷமாக ஆவணி அவிட்டத்துக்கு வடை வாங்கித் தின்றவர், மனு கேட்கிறார். மார்கழி பிறந்த அன்றைக்கு அம்மா போய்விட்டு வந்தாள்.

"பதினோரு மணிக்குத்தான் வரச்சொன்னார்," என்றாள். "காகிதத்தை வாங்கி நம்பர் போட்டு, தேதி முத்திரை குத்தினார். முத்திரை எங்கேருந்துடா கிடைச்சது அவருக்கு?"

சிரிக்க எனக்குப் பொறுமை இல்லை. படித்தாயா என்றேன்.

"படிக்கறேளான்னு கேட்டார். வேண்டாம்னுட்டேன்," என்றாள். "அவர் நிறுத்தினதை நான் எதுக்குத் திறக்கணும்? கேக்கறது நீதானே. பிள்ளை சொல்றபடி செய்யலாம்னு எழுதிக் கொடுத்துட்டேன்."

எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. போனை வைக்கப் போனேன். அப்போதுதான் அம்மா சொன்னாள், கணக்கு சரிபார்ப்பதுபோலச் சாதாரணமாக.

"அப்பா அதைச் சொன்ன அன்னிக்குக் காலம்பற நீ போன் பண்ணினியே. விசா கஷ்டம், இப்போ யாராவது செத்தாக்கூட வர முடியாதுன்னு. அதுக்கப்புறம்தான் அப்பா சம்பத்குமார் ஆத்துக்குக் கிளம்பினார். திரும்பி வந்து முகம் அலம்பிண்டார். ரொம்ப நேரம் அலம்பிண்டார்."

அந்தப் போன் எனக்கு ஞாபகமே இல்லை. இல்லை என்று சொல்லலாமா என்று பார்த்தேன். அம்மா தேதி தப்பமாட்டாள்.

சம்பத்குமாரைத் திரும்பக் கூப்பிட்டேன். மனு கிடைத்தது, விசாரணையில் இருக்கிறது என்றார். யார் யாரை விசாரிப்பது? அவர் ஒருவரே மனு வாங்குகிறவர், ஒருவரே விசாரிக்கிறவர், ஒருவரே முடிவு போடுகிறவர். வேட்டியும் பூணூலுமாக முன்னறையில் உட்கார்ந்து ஒரு தாலுகாவையே தனியாக நடத்துகிறார். முப்பது நாள் அவகாசம் உண்டு, அதற்குள் அம்மா மனசு மாறினால் மாறலாம் என்றார். கெடு பதினாறாம் தேதி. ஆனால் அன்று ஞாயிற்றுக்கிழமை, உழவர் திருநாளும்கூட. ஆகவே அடுத்த வேலை நாளான பதினேழு, திங்கட்கிழமை என்றார். ரிடையர் ஆகி ஆறு வருஷம் ஆகியும் சர்க்கார் விடுமுறை பார்க்கிற மனுஷனை என்ன சொல்வது?

"அன்னிக்கு சாயங்காலம் ஆறரைக்கு நான் கூப்பிடுவேன்," என்றார். "அனுப்புன்னு சொன்னா அடுத்த நிமிஷம் அனுப்பிடறேன். வேண்டாம்னா அழிச்சுடறேன். போனை எடுக்கலேன்னா, ஆட்சேபணை இல்லைன்னு எழுதிண்டு அழிச்சுடுவேன். ஒரு தடவைதான் கூப்பிடுவேன்."

இப்போதே சொல்கிறேன், அனுப்புங்கள் என்று வாய்வரை வந்தது. ஒரு மாதம் முன்னால் கத்தியிருப்பேன். அன்றைக்கு, "சரி மாமா," என்றேன்.

"ராமானுஜா," என்றார். என்னை அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "நான் அடிச்சுக் கொடுத்தவன். எனக்கு அது தெரியும். நீ யோசிச்சுக்கோ."

ஆறுதல் சொல்கிறாராம். பதிவறை எலிக்கு வந்த கருணையைப் பார்.

முப்பது நாள் யோசித்தேன். 'வராதே, வேலையைப் பார்' என்று இருந்தால்? என் பதில் ஜெயித்தது, நிம்மதியாகத் தூங்கலாம். ஆனால் வராதே என்று எழுதச் சொன்னவர் அதை ஏன் நிறுத்த வேண்டும்? அனுப்பியிருக்கலாமே. நிறுத்த வேண்டிய கடிதம் என்றால் அது இன்னொரு மாதிரிக் கடிதமாகத்தான் இருக்க முடியும். இதைக் கண்டுபிடிக்க அப்பாவின் கணக்கு தேவையில்லை. குளித்துக்கொண்டிருக்கும்போது தெரியும். கார் ஓட்டும்போது, இல்லை, வேறு ஏதாவது சில்லறை விஷயமாக இருக்கும், மழை, கோயில், முழங்கால் வலி என்று தோன்றும். பார்த்துவிட்டால் முடிந்துவிடும். பார்க்காவிட்டால் என் பதில் அப்படியே இருக்கும், கொஞ்சம் ஆட்டம் கண்டாலும்.

ஸுஷ்மா ஒரு நாள் கேட்டாள், நீ அந்த மனுஷனை ஏன் இவ்வளவு திட்டுகிறாய் என்று. திட்டாமல் என்ன செய்வது? ஒரு சாதாரண ஆள், மற்றவர்களைப்போலக் குப்பையைக் குப்பை என்று நினைத்துக் கொட்டியிருந்தால், இன்றைக்கு எனக்கு இந்தக் கஷ்டம் உண்டா?

பதினேழாம் தேதி இங்கே சர்க்கார் லீவு. வெளியே பனி கொட்டியிருந்தது. அங்கே சாயங்காலம் ஆறரை என்றால் இங்கே காலை எட்டு. ஏழு மணிக்கே எழுந்து சமையலறையில் நின்றுகொண்டேன். முதலில் செய்த வேலை, ஆன்ஸரிங் மெஷினின் ஒயரைப் பிடுங்கியது. அந்த ஆள் பாட்டுக்குக் கடிதத்தை அதில் வாசித்துவிட்டால்? வாசிக்கமாட்டார் என்று எனக்கே தெரியும். இருந்தாலும் பிடுங்கினேன்.

இந்நேரம் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்துப் பார்த்தேன். பின்சந்தில் இருந்து தறிச் சத்தம் வராமல் ஜன்னலைச் சாத்தியிருப்பார். நெற்றியில் புதிதாகத் திருமண். நீள நோட்டு விரித்து வைத்திருக்கும், சிவப்புப் பேனா மூடி திறந்து. திரையில் அந்தக் கடிதம். என் அப்பா சொல்லி, இந்த மனுஷன் ஒற்றை விரலால் அடித்தது. இங்கிலீஷ் எழுத்தில் என் அப்பாவின் தமிழ்.

சொல்ல வேண்டியதைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். 'அனுப்புங்கோ மாமா.' இரண்டே வார்த்தை.

எட்டு அடிக்க ஒரு நிமிஷம் இருக்கும்போது போன் அடித்தது. சின்னத் திரையில் நம்பர் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தால் வராது. அவர் கடிகாரம் ஒரு நிமிஷம் வேகம். அரை நிமிஷம் பிந்தியிருந்தால்கூட விதியை மீறிவிட்டார் என்று சொல்லலாம். அந்த வாய்ப்பையும் தரவில்லை.

இரண்டாவது தடவை அடித்தது. மூன்று.

மாடியிலிருந்து ஸுஷ்மா, "எடுக்கலையா?" என்றாள்.

எடுக்கிறேன் என்று சொன்னேன். கை ஈரமாக இருந்தது, துண்டில் துடைத்தேன். துடைத்த கையை மறுபடியும் துடைத்தேன். ஐந்து. எத்தனை தடவை அடிக்கும்வரை பொறுப்பது என்பதற்கும் அந்த ஆளிடம் ஒரு கணக்கு இருக்கும். அதை நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

ஆறு. ஸுஷ்மா படியில் இறங்கி வரும் சத்தம் கேட்டது. போன் இன்னும் அடித்துக்கொண்டிருக்கிறது.